ரீனாவின் மட்டை

சனிக்கிழமை இரவு, முவைலா

பேஸ்பால் சீசன் தொடங்க ஆறு நாள்தான் இருக்கிறது. இன்றைய பயிற்சியிலும் என் மருமகள் ரீனா அதே தவறைச் செய்தாள்.

பந்தை அடித்த விதம் அருமை. ஆனால் பேஸ்பாலில் அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி, தரையில் பதித்த சதுர மெத்தையான பேஸைக் காலால் மிதிக்க வேண்டும். இவள் மட்டையோடு ஓடினாள். பேஸுக்கு ஓரடி முன்னால் நின்று, கிரிக்கெட்டில் கோட்டைத் தொடுவதுபோல் மட்டையை நீட்டி வைத்தாள். அவுட்.

“குளச்சல்ல அண்ணன்மாரோட கிரிக்கெட் விளையாடுன கை மாமி, தானா நீளுது” என்று சிரித்தாள்.

“பின்னே காலை எதுக்கு வச்சிருக்க?” என்றேன். நைட் டியூட்டி முடிந்து தூங்காமல் வந்தவளிடம் அவ்வளவு கடுமை காட்டியிருக்க வேண்டாம்.

இங்கே வளைகுடாவில் அவளோடு வேலை பார்க்கும் நர்ஸுகளின் அணியில் அவளைப்போல் ஓடுகிறவள் வேறில்லை. இதை அவளிடம் சொன்னதில்லை. இனியும் இப்படிச் செய்தால் முதல் ஆட்டத்தில் இடமில்லை என்று கோச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பதற்றத்தில் அந்தக் கை சும்மா இருக்குமா?

சாப்பிட்டபின் சமையலறையில் டங்கென்று சத்தம். ரீனா மட்டைபோல் வீசிய கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து வாசல் மிதியடியை மிதிக்கிறாள். மறுபடி டங். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிட்டார். அவர் டிவி சத்தத்துக்காக நான் இரண்டு முறை படியிறங்கிப் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன்.

“வெள்ளிக்கிழமைவரை இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று கதவைச் சாத்தினேன். பிறகு சப்பாத்திக் கட்டையை எடுத்து ரீனாவிடம் கொடுத்தேன். மட்டைபோல் பிடித்து வீசக் கரண்டியைவிட அதுதான் பொருந்தும்.