மோனியின் ப்ரொஃபைல் போட்டோ

என் ஜன்னல் சீட்டுக்காரி மோனிக்கு,

போன வாரம் ரயிலில் உனக்கு இடம் போட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். அம்பத்தூரில் வண்டி நின்றதும், பக்கத்து இடத்தில் வைத்திருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தேன். பூக்கூடையோடு ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். "யாராச்சும் வராங்களாமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, அவர் கூடைக்கும் இடம் விட்டேன்.

நீ போய் ஆறேழு மாதம் ஆகிறது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் தம்பி பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். சித்தி மறுபடியும் சாப்பிடத் தொடங்கியிருக்கிறாள். எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. "பூந்தமல்லி ஜவுளிக்கடைல பில் போட ஆள் கேக்கறாங்களாம்" என்று அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொல்கிறாள். அவள் என்ன செய்வாள், பாவம்.

நடுவில் ஒரு வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன்னைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாத விஷயம் அது. உன்னைக் கேட்க வழி ஏது?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நீ என் சித்தி மகள். என்னைவிடச் சில மாதம் சின்னவள். திருநின்றவூரில் நான், அயனம்பாக்கத்தில் நீ. "ரெண்டும் ஒண்ணா போயி ஒண்ணா வரட்டும்" என்ற ஒரே நிபந்தனையில்தான் நம் இருவரையும் டிசைன் படிக்க அனுப்பினார்கள். டிசைன் என்றால் என்ன என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. உன் அப்பா தன் கம்பெனியில், "எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல படம் போடுது" என்று சொல்லி வைத்திருந்தார்.

கடைசி வருஷம் வேலைவாய்ப்பு வகுப்புக்கு ஒரு சார் வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? "உங்க ப்ரொஃபைல்தான் உங்க கடை. ஷட்டர இழுத்து மூடிட்டு வியாபாரமே இல்லனு அழுவாதீங்க" என்பார். நல்ல போட்டோ ஒன்று, உங்களைப் பற்றி இரண்டு வரி, செய்த வேலைகள், வாரா வாரம் ஒரு பதிவு. இவ்வளவும் இருந்தால் உலகமே தேடி வரும் என்றார். நாம் இரண்டு பேரும் நம்பினோம். ஒரே லேப்டாப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்து வேலை தேடும் தளத்தில் கணக்குத் தொடங்கினோம். நான் போட்டோ போட்டேன். நீ போடவில்லை.

சித்தப்பா விடவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவரோடு வேலை செய்கிறவரின் மகள் போட்டோவை எவனோ எடுத்து அசிங்கம் செய்துவிட்டானாம். "அந்தாளு எத்தினி நாளு தல நிமிராம வந்துகினு போயிகினு இருந்தாரு தெரியுமா? நெட்ல போட்டா அது நம்ம கைல இல்லமா" என்றார். வேலைக்குத்தான் அப்பா என்று நீ கெஞ்சினாய். "வேல செய்யறது கைதான? மூஞ்சியா?" என்று கேட்டுவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் ரயிலில் அதை அவர் மாதிரியே பேசிக் காட்டினாய். "அவரு கேக்கறதும் லாஜிக்தான் பவி" என்று சொல்லிச் சிரித்தாய்.

முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் வட்டத்தை வைத்தாய். உன் வேலைகளை மட்டும் அடுக்கினாய். அதில் குமணன்சாவடி ஷேர் ஆட்டோ போர்டுகள்தான் எனக்குப் பிடித்தவை. எந்த ஆட்டோ எந்தப் பக்கம் போகும் என்று தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி, ஊருக்கு ஒரு நிறம். அந்த ஜங்ஷனில் வெயிலில் நின்று டிரைவர்களிடம் பேசினாய். ஒருவர், "கலர் போர்டு இன்னாத்துக்குமா, அதான் நானே கத்துறேனே" என்றார். அவர் சொன்னதையும் அப்படியே உன் பக்கத்தில் எழுதி வைத்தாய். எனக்கு அந்த நேர்மை வராது.

அப்புறம் ஒரு கம்பெனியிலிருந்து உனக்குப் பதில் வந்தது. வேலைகள் நன்றாக இருக்கின்றன, ஆனால் போட்டோ இல்லாத ப்ரொஃபைல் போலி மாதிரித் தெரிகிறது, மன்னிக்கவும் என்று. பட்டரவாக்கம் தாண்டும்போது அந்தப் பதிலை எனக்குப் படித்துக் காட்டினாய். பிறகு, "நான் போலியாம் பவி" என்றாய். அன்றைக்குத்தான் கொரட்டூர் தாண்டியதும் ஜன்னல் வழியாக வெயில் உன் கன்னத்தில் விழுந்தபோது போனை எடுத்து ஒரு படம் எடுத்தேன். நேராகப் பார்த்திருந்தாய். சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. அதை நீயே சதுரமாக வெட்டி, வெளிச்சம் சரி செய்து, 'அப்பா ஓகே சொன்னதும்' என்று பெயர் வைத்து லேப்டாப்பில் போட்டு வைத்தாய்.

அப்பா ஓகே சொல்வதற்குள் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. அதைப் பற்றி எழுதப் போவதில்லை மோனி. என்னால் முடியாது.

உன்னை வீட்டுக்குக் கொண்டு வந்து கிடத்தியபோது உன் தம்பியின் சிநேகிதர்கள் பேனர் கடையிலிருந்து ஒரு மாதிரியைப் போனில் வாங்கி வந்து சித்தப்பாவிடம் நீட்டினார்கள். கண்ணீர் சொட்டுகிற கண், பறக்கிற புறா, எரிகிற விளக்கு, கீழே வரிசையாக அவர்களுடைய முகங்கள். சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பவி, நீ செய்யி. அவ மூஞ்சி பெருசா தெரியணும். ஊரே பாக்கணும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? நீ உயிரோடு இருந்தபோது ஒரு சின்ன வட்டத்துக்குள் காட்டக்கூடாது என்று ஒளித்து வைத்த முகம். அதை இப்போது லைட் கம்பத்தில் கட்டச் சொல்கிறார். கத்தியிருப்பேன். ஆனால் அவர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற விதம் அப்படி. சமையலறை ஓரமாக உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். நீ வெட்டி வைத்த அந்தப் படத்தை எடுத்தேன். வெள்ளைப் பின்னணி, உன் முகம், கீழே உன் பெயர். வேறு எதுவும் வைக்க மனசு வரவில்லை. சித்தப்பா என் பின்னால் வந்து நின்று பார்த்தார். "பேரு பக்கத்துல டிகிரி போட்டுரு" என்றார். போட்டேன். பேனர் கடைக்காரர், "புறாகூட வேணாமா? மொட்டையா கீதேமா" என்று மட்டும் கேட்டார்.

ஏரிக்கரை ரோடு முழுக்க நீ இருந்தாய். காரியம் முடிந்த பிறகு, நெட்டிலும் போடச் சொன்னார் சித்தப்பா. என் பக்கத்தில் போட்டேன். மூன்று வருஷமாக நான் பாடுபட்டுச் செய்த எதற்கும் அத்தனை பேர் நின்றதில்லை. முன்பின் தெரியாதவர்கள் கைகூப்பினார்கள், பகிர்ந்தார்கள். அடுத்து ஆர்டர் கேட்டுச் செய்திகள் வர ஆரம்பித்தன. "சிஸ், எங்க தாத்தாவுக்கு இதே மாதிரி ஒண்ணு வேணும்." "மேடம், கருமாதிக்குள்ள கிடைக்குமா?" வாரா வாரம் பதிவு போட்டு, கடையைத் திறந்து வைத்து நாம் காத்திருந்தோமே, கடைசியில் வந்த வியாபாரம் இதுதான்.

சித்தப்பா என் பக்கத்தைத் திறக்கக் கற்றுக்கொண்டார். தினமும் ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் பார்ப்பார். பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார். "இன்னிக்கு எத்தினி பேரு பாத்துகீறாங்க பவி?" நான் ஒரு எண்ணைச் சொல்வேன். சில நாள் கூட்டியே சொல்வேன்.

இந்த நிலைமையில்தான் அந்த வேலை வந்தது. ஒரு பெரிய டிசைன் கம்பெனி. வீடியோவில் பேசிய மேடம் நல்ல மாதிரி. என் வேலைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் உன் முகத்தில் நின்றார்.

"இது ஒண்ணுதான் என்னை நிறுத்துச்சு பவித்ரா. எவ்ளோ அமைதியா இருக்கு. இந்த மாதிரி போஸ்டர்ல யாரும் இவ்ளோ இடம் விடமாட்டாங்க. கிளையன்ட் ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாரு மேடம்" என்றேன்.

"அப்ப இதையே போர்ட்ஃபோலியோல முதல்ல வைங்க. கேஸ் ஸ்டடியா எழுதி திங்கக்கிழமைக்குள்ள அனுப்புங்க. மத்ததப் பேசிக்கலாம்."

அவர்மேல் தப்பில்லை. நீ யாரென்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், அழுகிறவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று ஒரு எண்ணம். சொல்லியிருக்க வேண்டுமா மோனி?

எழுத உட்கார்ந்தேன். கேஸ் ஸ்டடிக்கு என்னென்ன தலைப்பு என்று நமக்குத் தெரியாததா? வாடிக்கையாளர்: இறந்த பெண்ணின் தந்தை. தேவை: முகம் பெரிதாகத் தெரிய வேண்டும். பார்ப்பவர்கள்: ஏரிக்கரையில் நடக்கிறவர்கள், பைக்கில் போகிறவர்கள். செயல்முறை: வழக்கமான புறா, விளக்கு ஆகியவற்றைத் தவிர்த்து வெற்றிடத்தின் மூலம் இழப்பைச் சொல்ல முயன்றேன். இப்படியே போனது. நன்றாகவே வந்தது. அதைத் திரும்பப் படித்தபோது 'வெற்றிடம்' என்ற சொல்லில் நின்றேன். எந்த வெற்றிடம்? எனக்குக் கை ஓடவில்லை, அவ்வளவுதானே? கடைசியில் 'பலன்' என்று ஒரு தலைப்பு. அதற்குக் கீழே என்ன எழுதுவது?

அனுப்பவில்லை. அந்தப் போஸ்டரை என் பக்கத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அது அங்கே இருக்கிறவரை உன்னைக் காட்டித்தான் நான் பிழைக்கப் பார்க்கிறேன். ஆனால் எடுத்துவிட்டால் சித்தப்பா நாளைக்கு எதைத் திறப்பார்? ஞாயிற்றுக்கிழமை அயனம்பாக்கம் போனேன்.

நான் சொன்னதை எல்லாம் சித்தப்பா கேட்டார். கோபப்படவில்லை. "ரோட்டுல கட்டுனது மழைல கிழிஞ்சி பூடுச்சி. இதையும் எடுத்துட்டா நான் எங்க போயி அவள பாக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் உன் பாஸ்வேர்டைப் போட்டு, என் போனில் உன் ப்ரொஃபைலைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். அந்த மஞ்சள் வட்டம் அப்படியே இருந்தது. அவர் அதை அதுவரை பார்த்ததே இல்லை மோனி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் மெதுவாகத் தள்ளினார். ஷேர் ஆட்டோ போர்டுகளில் நின்றார். டிரைவர் சொன்னதைப் படித்துவிட்டு மூக்கால் லேசாகச் சிரித்தார். "இதெல்லாம் அவளே செஞ்சதா?" என்றார். ஆமாம் என்றேன். "எங்கிட்ட காட்டவே இல்லயே." நீ காட்டியிருப்பாய். அவருக்கு நேரம் இருந்திருக்காது, உனக்குத் தயக்கமாக இருந்திருக்கும். எந்த வீட்டில்தான் அது நடக்கவில்லை?

"சித்தப்பா, நீங்க சரின்னு சொன்னா அந்த போட்டோவ இங்க வச்சிடலாம். நீங்க இங்கயே வந்து பாக்கலாம்" என்றேன்.

"வை" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக நீ எத்தனை நாள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய்? படத்தை ஏற்றினேன். மஞ்சள் போய் உன் முகம் வந்தது. முகத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையமும் வந்தது.

"இன்னாமா இது, சுத்தி பச்சையா?"

"வேலை தேடறவங்களுக்கு அப்படி வரும் சித்தப்பா. வேலைக்கு ரெடியா இருக்கானு அர்த்தம். இருங்க, எடுத்துடறேன்."

போனை என் கைக்கு எட்டாமல் நகர்த்திக்கொண்டார். "வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எவனாச்சும் கூப்புடுவான்" என்றார்.

சித்தி உள்ளேயிருந்து வந்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை போய்விட்டது. மேடம் மறுபடியும் ஒரு மெயில் அனுப்பினார். என்னால் முடியவில்லை என்று எழுதிவிட்டேன், காரணம் எழுதவில்லை. என் பக்கத்தில் உன் போஸ்டர் இப்போது இல்லை. அதற்குப் பிறகு அங்கே யாரும் நிற்பதும் இல்லை. ஜவுளிக்கடைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். என் வேலைகள் என்னவாகும், நான் படித்தது என்னவாகும் என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியவில்லை மோனி. தெரிந்துகொள்ளும் தெம்பும் இல்லை.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன் ப்ரொஃபைலுக்கு வருகிற கடிதம் எல்லாம் நம் லேப்டாப்புக்குத்தான் வருகிறது. தினமும் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் திறந்து பார்ப்பேன். யாராவது உன் போர்டுகளைப் பார்த்துவிட்டு, எப்போது சேரலாம் என்று உன்னைக் கேட்டால், நீ இல்லை என்பதை நான் அவர்களுக்கு எழுதிவிடுகிறேன். சித்தப்பா போன் செய்து யாராச்சும் கூப்பிட்டாங்களா என்று கேட்டால், "இன்னும் இல்ல சித்தப்பா" என்று சொல்லிவிடுகிறேன்.

உன் பெரியம்மா மகள்,
உன் அக்கா பவித்ரா
திருநின்றவூர்