அழகரத்தினத்தாருக்கு நாற்பத்தொரு கோடுகள்

செப்டெம்பர் 9, செவ்வாய்

முன்பள்ளியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. இலக்கத்தை உடனே உள்ளங்கையில் எழுதினேன், இப்போது இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலும் எழுதியாயிற்று. இறங்கியவள் பெயர் பஸ்னா. ஏறாவூர்க்காரி. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாளாம். கிராம சேவகரின் கடிதம் வைத்திருந்தாள். கடிதம் யாரும் எடுக்கலாம்.

போன வருச வெள்ளத்தில் எச்சரிக்கைச் செய்தி ஏன் சில வீடுகளுக்குப் போகவில்லை என்று படிக்க வந்திருக்கிறாளாம். பனிச்சங்கேணியில் எங்கள் பக்கம் நாற்பத்திரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: தண்ணீர் வந்தால் உங்களுக்கு யார் வந்து சொல்வார்கள்? ஒரு வீடு ஒரு புள்ளி, சொல்கிற பெயர் ஒரு கோடு. எல்லாவற்றையும் ஒரு தாளில் போட்டால் ஊரின் உண்மையான உருவம் தெரியுமாம்.

யார் யாரோடு பழகுகிறார்கள், யார் பேச்சை யார் கேட்கிறார்கள். இதை ஒரு தாளில் எழுதிக் கேட்டவர்களை நாங்கள் முன்னரும் கண்டிருக்கிறோம். அவர்களும் மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

போன வருசம் அந்தச் செய்தி முதலில் வந்தது என் கைபேசிக்கு. மாதர் சங்கச் செயலாளர் நான். அதனால்தான் முதலில் என்னிடம் வந்திருக்கிறாள் போல. அதை இவளுக்கு யார் சொன்னது?

செப்டெம்பர் 10, புதன்

பிரஷாந்தியிடம் சொல்லிவிட்டேன். பக்கத்து வீடு, சின்ன வயதிலிருந்து கூட்டாளி. "உயிரோட இருக்கிற ஆக்கள்ற பேர் ஒண்டையும் குடுக்காத கா. கேட்டா அழகரத்தினத்தார் எண்டு சொல்லு."

அழகரத்தினத்தார் தோணியும் வலையும் வைத்து ஆள் பிடித்துத் தொழில் நடத்திய சம்மாட்டி. கடலோரக் களப்பில் தண்ணீர் நிரம்பினால் வேலிப் படலை படலையாகப் போய்ச் சத்தம் போடுகிறவரும் அவர்தான். கொரோனாக் காலத்தில் செத்துப்போனார். இனி அவரை யாரும் கொண்டுபோய் விசாரிக்க முடியாது.

செப்டெம்பர் 14, ஞாயிறு

எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதவில் ஒட்டிய இலக்கத்தைக் குறித்தாள், 12. பெயர் எழுதமாட்டோம், இலக்கம் மட்டுந்தான் என்றாள். இலக்கத்தை வைத்துப் பெயரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? என் கணவர் சுபாகரன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல், அழகரத்தினத்தார் என்றார். நான் தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தாள். நன்றாகத்தான் பேசுகிறாள். அதுதான் பயம்.

செப்டெம்பர் 18, வியாழன்

கடைச் சந்தியில் பஸ்னா குஞ்சித்தம்பி அண்ணனிடம் கேட்டாளாம், அழகரத்தினம் ஐயாவை எங்கே சந்திக்கலாம் என்று. அவர் கடற்கரை மீன்வாடிக்குப் போயிருக்கிறார், வர நாளாகும் என்றாராம் இவர். சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்து எனக்குச் சொன்னார். நானும் நன்றாகச் சிரித்தேன்.

ஆனால் ஒரு விசயம் உறுத்துகிறது. நான் சொன்னது பிரஷாந்திக்கு மட்டும். குஞ்சித்தம்பி அண்ணனுக்கு யார் சொன்னது?

ஒக்டோபர் 4, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

முன்பள்ளிக் கட்டடத்தில் கூட்டம். பஸ்னா பெரிய தாளைச் சுவரில் ஒட்டினாள். நடுவில் தேங்காய் அளவில் ஒரு வட்டம். சுற்றியிருந்த புள்ளிகளிலிருந்து அதற்குக் கோடுகள், நாற்பத்தொன்று. வீட்டு இலக்கமே இல்லாத இந்த மனிதரைத்தான் ஊர் முழுக்க நம்பி இருக்கிறது, இப்படி ஒன்றைத் தான் இதுவரை கண்டதில்லை, இவர் இல்லாமல் போனால் ஒருவருக்கும் செய்தி போகாது, ஆகவே அவரை அவசரமாகப் பார்க்க வேண்டும் என்றாள்.

சனம் குனிந்துகொண்டிருந்தது. கடைசியில் குஞ்சித்தம்பி அண்ணன் எழும்பினார். "புள்ள, குறை நினைக்காத. அவர் செத்து நாலு வருசம்."

கட்டடமே சிரித்தது. அவள் சிவந்துபோனாள். தாளைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். ஏன் சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. ஏறாவூரிலும் பேர் கேட்டு வந்தவர்கள் உண்டு, தன் வாப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்றாள்.

பிறகு சின்னத் துண்டுகள் கொடுத்தாள். உங்கள் வீட்டு இலக்கத்தையும், அழகரத்தினத்தாரின் பெயரைச் சொல்லும்படி உங்களுக்குச் சொன்ன வீட்டின் இலக்கத்தையும் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள், விருப்பமில்லாவிட்டால் வெறுமையாகப் போடுங்கள் என்றாள். சிரித்த வாயோடு எல்லோரும் எழுதினார்கள். நான் என் இலக்கத்தை மட்டும் எழுதி மற்றதை விட்டேன்.

துண்டுகளைப் பார்த்துப் பார்த்துத் தாளின் மறுபக்கத்தில் புதிதாகக் கீறினாள். கரைப் பக்க வீடுகள் ஒரு கூட்டம், வயல் வட்டைப் பக்க வீடுகள் ஒரு கூட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரேயொரு கோடு, அது பிரஷாந்தியின் வீட்டுக் கோடு. பெரிய ஆள் யார் என்று பார்க்கக்கூடாது, யாரை எடுத்தால் தாள் இரண்டாகக் கிழியும் என்று பாருங்கள் என்றாள். கூப்பன் கடையில் கூட முன்னுக்கு நிற்காத பிரஷாந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன வருசம் வெள்ளச் செய்தி இருபத்தாறு வீட்டுக்குத்தான் போயிருக்கு. இந்தப் பொய் நாலு நாளையில நாப்பத்தொரு வீட்டுக்கும் போயிருக்கு. உங்களுக்கு வழி இல்லாம இல்ல."

எல்லாக் கோடுகளும் பின்னோக்கிப் போய் 12இல் நின்றன. என்னை ஒருமுறை பார்த்தாள்.

ஒரு புள்ளி மட்டும் இரண்டு பக்கத்திலும் ஒதுங்கிக் கிடந்தது. 31. அந்த வீட்டுக்குப் பொய் போகவில்லை. அதனால் அந்த வீட்டில் மட்டும் உண்மையான பெயர் சொல்லியிருக்கிறார்கள். தாளின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 31இலிருந்து ஒரு மெல்லிய கோடு. அது வந்து முட்டியது 12இல்.

31 சின்னத்தங்கத்தின் வீடு.

ஒக்டோபர் 5, ஞாயிறு

அவ என்ர பேரைக் குடுத்திட்டா. ஊரே வாயைக் கட்டிக்கொண்டிருக்க, அவ மட்டும் குடுத்திட்டா! என்ர கூடப்பிறந்த அண்ணன்ர பேரைக் குடுத்த மாதிரி. பதினெட்டு வருசம் போயும் அவவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

அண்ணன் கடைக்குப் போனவன் திரும்பவில்லை. அதற்கு முதல் நாள் சின்னத்தங்கம் இராணுவ முகாம் வாசலில் நின்று கதைத்ததை நானே என் கண்ணால் கண்டேன். அம்மா சாகும் வரைக்கும் அவவின் படலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

ஒக்டோபர் 7, செவ்வாய்

ஆனால் கேள்வி என்ன? தண்ணீர் வந்தால் யார் வந்து சொல்வார்கள். அதற்கு அவ என் பெயரைச் சொல்லியிருக்கிறா.

போன வருசம் நான் அவவுக்குச் சொல்லவில்லை. எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. மறக்கவில்லை. அவவின் படலை வழியாகத்தான் வட்டைப் பக்கம் போனேன். நிற்கவில்லை. கழுத்தளவு தண்ணீரில் கூரை வளை மரத்தைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் நின்றாவாம். தோணிக்காரர் தற்செயலாகக் கண்டார்கள்.

அப்படியிருந்தும் ஏன் என் பெயர்? என்னைக் குத்திக் காட்டவா?

ஒக்டோபர் 11, சனி

பஸ்னா செய்ததைப் போல நானும் ஒரு தாள் எடுத்தேன். சின்னத்தங்கந்தான் காட்டிக்கொடுத்தா என்று அந்த நாளில் எனக்குச் சொன்னவர்கள் ஐந்து பேர். ஐந்து சாட்சி என்றுதான் இத்தனை வருசம் வைத்திருந்தேன். ஐந்து புள்ளி போட்டேன். இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. மிச்சம் மூன்று பேரிடமும் ஏதோ சாட்டு வைத்துப் போய் வந்தேன், உங்களுக்கு யார் சொன்னது என்று.

குஞ்சித்தம்பி அண்ணனுக்கு அவருடைய மனைவி. மனைவிக்குப் பிரஷாந்தி. மற்ற இரண்டு பேருக்கும் பிரஷாந்தி.

பிரஷாந்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். என்னைப் பைத்தியக்காரியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"நீதானே கா சொன்ன. முகாமடியில கண்ட எண்டு அழுதழுது சொன்னியே. மறந்துபோனியா?"

நான் கண்டேன் என்றுதான் சொன்னேன். காட்டிக்கொடுத்தா என்று சொல்லவில்லை. சொன்னேனா? அந்த நேரம் என்ன சொன்னேன்? அது ஊரைச் சுற்றிப் பெருத்து என் படலைக்கே திரும்பி வர, நான் அதைச் சாட்சி என்று உள்ளே எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்து பேர் இல்லை. ஒரே ஆள். நான்.

அப்ப அவ முகாம் வாசலில என்ன செஞ்சா? ஒருத்தரும் கேக்கல்லயே. நானும் கேக்கல்லயே!

ஒக்டோபர் 12, ஞாயிறு

சுபாகரனிடம் சொன்னேன். வலையிலிருந்து தலை நிமிராமல், அவவின் மகனையும் அந்தக் கிழமை பிடித்து வைத்திருந்தார்கள், அதற்குப் போயிருக்கலாம் என்றார். தெரிந்தால் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னால் அவரையும் சந்தேகப்பட்டிருப்பேனாம்.

பட்டிருப்பேன்.

ஒக்டோபர் 20, திங்கள்

31இன் வேலி வரைக்கும் போனேன். அவ முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

காலை ஆறு மணிக்கு என் கைபேசிக்கு வெள்ள எச்சரிக்கைச் செய்தி வந்தது, குளத்துக் கதவுகளைத் திறக்கப் போகிறார்கள் என்று. மூன்று நாள் மழையில் களப்பு ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது. பிரஷாந்தியை எழுப்பி வட்டைப் பக்கம் அனுப்பினேன். சுபாகரன் கரைப் பக்கம் போனார். நான் நேரே 31க்குப் போனேன்.

படலையில் நின்று கூப்பிட வாய் வரவில்லை. என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? முன்பெல்லாம் மாமி என்பேன். அவவே கதவைத் திறந்தா. வாசலில் பை கட்டி வைத்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தா.

"அழகரத்தினத்தாரோ அனுப்பினவர்?"

கூட்டத்துக்கே வராத அவவுக்கு இந்தக் கதையை யார் சொன்னது என்று அந்த மழைக்குள்ளும் எனக்கு ஒரு யோசனை ஓடியது. என்னைத் திருத்த முடியாது.

"இல்ல மாமி. நானாத்தான் வந்தன்."

பையின் ஒரு காதை அவ பிடித்தா, மற்றதை நான் பிடித்தேன். முழங்கால் தண்ணீரில் பாடசாலைக்கு வந்து சேர்ந்தோம். நாற்பத்திரண்டு வீட்டாரும் பத்து மணிக்கு முன் வந்துவிட்டார்கள், எண்ணிப் பார்த்தேன்.

இப்போது பின்னேரம். மண்டபத்தில் எனக்குப் பக்கத்துப் பாயில் இருக்கிறா. முகாம் வாசலைப் பற்றி நான் இன்னும் கேட்கவில்லை. நான் எழுதுவதை எட்டிப் பார்க்கிறாவோ என்று கொப்பியைச் சரித்துப் பிடித்துத்தான் இவ்வளவையும் எழுதினேன். அதைக் கண்டுவிட்டா போல. தனக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு எழுத்தும் தெரியாது, கண்ணாடி போன வருச வெள்ளத்தோடு போய்விட்டது என்றா.

கொப்பியை நேராக வைத்துக்கொண்டேன்.