எழுதாத டிஸ்க், சாத்தாத கதவு

11 நவம்பர், திங்கள்

விடியலிலிருந்து மழை. இடி விழுந்து கரண்டு போனது. வந்த பிறகு தேயிலைத் தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. வேறு எதுவாக இருந்தாலும் நாளைக்கு என்று விட்டிருப்பேன். இது மலைக் கம்ப்யூட்டர். தொழிலாளர் வரிசை வீடுகளில் ஐந்தாம் லயத்துக்கு மேலே சரிவில் கம்பிகள் நட்டிருக்கிறார்கள். மண் நகர்ந்தால் அவை இதற்குச் சொல்லும், இது அபாயச் சங்கை ஊதும். எங்கள் வீடும் அந்த லயத்தில்தான்.

மேனேஜர் துரை: "சிஸ்டத்தப் புதுசாப் போட்டுடு ஸ்டெல்லா. ஒரு மணி நேர வேலைதானே." அவருக்கு எல்லாமே ஒரு மணி நேர வேலை.

உள்ளே நாலு டிஸ்க், ஒரே கார்டில் சேர்த்து மாட்டியது. பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். பாதியில் நின்றது. டிஸ்கில் எழுத முடியவில்லையாம். மறுபடி. அதே இடம்.

வாங்க: மெழுகுவத்தி, கோதுமை மாவு, அம்மாவுக்கு முட்டித் தைலம்.

அடுப்படிக் கதவு சாத்த வரவில்லை. மழையில் மரம் ஊதிவிட்டது. என் வீட்டுக்காரர் சாயங்காலம் லோரியை நிறுத்திவிட்டு வந்து இழைப்புளியால் சீவினார். இப்போது சாத்த வருகிறது.

12 நவம்பர், செவ்வாய்

மழை. வீட்டுக்காரர் தேயிலை ஏற்றிப் போய் ரிங்லெட் ஊருக்குக் கீழே மாட்டிக்கொண்டார். ரோட்டில் மண் சரிவு.

பென்டிரைவ் மாற்றினேன். கேபிள் மாற்றினேன். டிஸ்க்குகளைத் தனித்தனியாகச் சோதித்தேன். நாலும் நல்லது என்றுதான் வருகிறது. பிறகு ஏன் எழுதாது?

ஈப்போவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் குமாருக்குப் போன். "கார்டுல சின்ன பேட்டரி இருக்கும்கா. அது செத்துட்டா சில கார்டு எழுதவே விடாதுலா." பேட்டரி அவரிடம் இருக்கிறது. ரோடு இல்லை.

துரை: "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள சரியாகலன்னா அஞ்சாம் லயத்து ஆளுங்கள ஸ்கூல் ஹாலுக்கு ஏத்திடலாம்."

பயமாக இருக்கிறது. கூரையில் மழை வலுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அம்மாவின் கட்டிலை மலைப்பக்கச் சுவரிலிருந்து நடுவுக்கு இழுத்துப் போட்டேன். ஏன்டி என்றாள். ஒழுகுது என்று பொய் சொன்னேன்.

13 நவம்பர், புதன்

குமார் மறுபடி போன். "கார்ட விட்டுடுங்கக்கா. ஒரு டிஸ்க்க மட்டும் நேரா போர்டுல மாட்டிப் பாருங்க."

மாட்டினேன். எழுதியது! கடைசி வரை எழுதியது. கம்பிகள் எல்லாம் பதில் சொல்லின. திரையில் பச்சை. அழுகையே வந்துவிட்டது. துரைக்கும் சந்தோஷம். "பச்சை வந்துடுச்சா? அப்ப யாரும் ஹாலுக்குப் போவேணாம்."

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு. அடுப்படிக் கதவு மறுபடி சாத்த வரவில்லை. திங்கள்கிழமைதானே சீவினார்? பக்கத்து வீட்டுச் சவரி அண்ணன் இழைப்புளியோடு அவர் கதவில். "ரெண்டாந்தடவ சீவுறேன் ஸ்டெல்லா. கோடி வீட்டுலயும் இதே கததான்."

சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டேன். மரம் ஊதவில்லை. கதவு நிலை கோணியிருக்கிறது. தரை நகர்கிறது.

ஆபீசுக்கு ஓடினேன். இன்னும் பச்சை. புதிய சிஸ்டம் இன்றைக்கு மண் எங்கே இருக்கிறதோ அதையே தொடக்கமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் நகர்ந்தது அதற்குத் தெரியாது. பழைய அளவுகளைத் திங்கள்கிழமை நானே அழித்தேன். லயம் முழுக்கக் கதவைச் சீவிக்கொண்டிருந்தோம், கடவுளே.

சங்கைக் கையால் ஊத ஒரு பொத்தான் உண்டு. துரையைக் கேட்கவில்லை. அழுத்தினேன்.

ஸ்கூல் ஹால். எல்லாரும் நனைந்து, திட்டிக்கொண்டு. துரை வந்தார். "பச்சைதானே காட்டுது? யாரக் கேட்டு ஊதுன?"

"கதவுங்கள சாத்த முடியல தொர" என்றேன்.

மண் சரியாவிட்டால் என் வேலை போகும். சரிந்தால் வீடு போகும். எதற்கென்று ஜெபிப்பது.

அம்மாவுக்கு ஒரே கவலை. "கதவ சாத்தாமயே வந்துட்டேன்டி. யாராச்சும் போய்ப் பாத்துட்டு வரட்டுமே." சவரி அண்ணன் குடையை எடுத்தார். விடவில்லை. வாசலில் குறுக்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.