மூன்றாம் ரெக்கார்டரில் ஒரு கதிர்க்குருவி

ஜன. 9, வெள்ளி
தூறல். சாத்தம் படகுத்துறையிலிருந்து முதல் ஃபெர்ரி, அக்கரையில் பாம்பூஃப்ளாட், ஜீப், பிறகு நடை. மலைமேல் பறவை ஒலி பதியும் நான்கு ரெக்கார்டருக்கும் புது பேட்டரி. மெமரி கார்டுகள் எடுத்தாயிற்று. அட்டைக்கடி: இடது கால் ஆறு, வலது இரண்டு.
செல்வம் அண்ணன் வழிகாட்டி, தினக்கூலி. கண் கூர்மை, காது பூஜ்யம். போன வாரமே திட்டினேன், இங்கே இருக்கலாம் என்று தேடும் பறவைகளின் குரல்கள் எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பியும் படிக்கவில்லை என்று.
"இப்ப படிக்கிறேன் சார். சப் எல்லாமே ஒரே மாதிரி ச்சிக் ச்சிக்னுதான் கேக்குது."

ஜன. 10, சனி
வெயில். துணி துவைக்கணும்.
மூன்றாம் ரெக்கார்டர், புதன் காலை 7.12. கதிர்க்குருவி! விரல் நீளம்தான் இருக்கும், உயரமான ஈரக்காடுகளில் வாழ்வது. இந்தத் தீவுகளில் இந்த வகைக்குப் பதிவே இல்லை.  
ஒரு துண்டு வெட்டிச் சென்னைக்கு, திட்டத்தை நடத்தும் மேடத்துக்கு அனுப்பினேன். உடனே போன்.
"சூப்பர்பா. திங்கட்கிழமை எல்லாருக்கும் சொல்லிடலாம். ஆய்வுக் குறிப்பு உன் பேர்லதான்."
மார்ச்சோடு என் வேலை முடிகிறது. நீட்டிக்க இது போதும்.
சோறு வைக்கவில்லை. பிஸ்கட்.

ஜன. 11, ஞாயிறு
மேகம். குறிப்பு எழுதுமுன் முழுப் பதிவையும் கேட்டேன். ஒன்பது முறை பாடுகிறது. ஒன்பதிலும், அதே இடத்தில், மெல்லிய ஓர் இருமல். வாட்ஸப்பில் நான் அனுப்பிய மாதிரிக் குரலில், அதைப் பதிந்தவர் இருமிய அதே இருமல். நேற்றும் கேட்டிருப்பேன். காதில் ஏறவில்லை.
செல்வத்துக்குப் போன்.
"ஆமா சார், நான்தான். புதன்கிழமை பாதையப் பாக்கப் போனப்ப, ரெக்கார்டர் பக்கத்துலயே உக்காந்து போனைப் போட்டுப் போட்டுப் படிச்சேன். நீங்கதானே திட்டுனீங்க. ஏன், கல்தி பண்ணிட்டேனா, தப்பா?"
விதி: சர்வே இடத்தில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டால் ஆளை வேலையிலிருந்து நீக்கணும். அவருக்கு நான் கொடுத்த தாளைத் தேடி எடுத்தேன். அட்டைக்கு உப்பு, மழைக்கோட்டு, பாம்பு, எல்லாம் இருக்கிறது. இந்த விதி இல்லை.
மேடத்திடம் ஒரு துண்டுதான் இருக்கிறது, இருமலுக்கு முன்பே வெட்டியது. முழுப் பதிவில் இருமலை அழிக்க இரண்டு நிமிடம்.
மென்பொருளைத் திறந்தேன். மூடினேன். கடலோரம் நடை. அந்தப் பறவை மலையில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்தப் பதிவு இரண்டையும் சொல்லவில்லை. அழித்தால், இருக்கிறது என்று நான் சொன்னதாகும்.

ஜன. 12, திங்கள்
மழை. ஃபெர்ரி தாமதம். ஜெட்டியிலிருந்தே மெயில். முதலில் எழுதியது: "உதவியாளரின் கவனக்குறைவு." நீக்கினேன். "அவருக்கு விதியை நான் சொல்லவில்லை. புதன் பதிவைத் தள்ளிவிடவும்."
மேடம் பதில்: "சரி. மார்ச்சுக்கு அப்புறம் என்னன்னு பிறகு பேசலாம்." அந்தப் 'பிறகு' பிடிக்கவில்லை.
ஏறும்போது செல்வத்திடம் எல்லாம் சொன்னேன். வளைவில் நின்று காலில் ஏறிய அட்டையைப் பிய்த்துப் போட்டார். அப்புறம்:
"மொதல்லயே சொல்லியிருந்தா காதுல இயர்போன் மாட்டியிருப்பேனே சார்."