குளச்சலில் ஒரு வேளைச் சோறு

குளச்சல்
9 நவம்பர் 1931

அன்புள்ள நேசத்துக்கு,

கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். சுகமாக இருக்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை. மாமாவுக்குக் கண் மருந்து ஊற்றுகிறாயா?

கடல் அடங்கிவிட்டது. கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. விடிந்ததிலிருந்து கரையில் நின்று, தென்னந்தும்புக் கட்டுகளை வள்ளத்தில் ஏற்றி அனுப்பி முடிக்கும்போது வாயெல்லாம் தூசி. அதற்குப் பிறகுதான் பெரிய வேலை, சாப்பிட ஓர் இடம் தேடுவது. இதுவரை சோறு போட்ட ஞானபாய் அக்காள் மகளோடு கொல்லத்துக்குப் போய்விட்டாள்.

ஐயர் சாப்பாட்டுக் கிளப்பில் நம்மவர்களுக்குப் பின்பக்கம் ஓலைச் சாய்ப்பில் இலை போடுகிறார்கள். நல்ல சோறுதான். தூர நின்று எறிவதுபோல் பரிமாறியதால் பாதியில் எழுந்துவிட்டேன். சந்தை முக்குக் கடையில் நேற்றைய கறியையே இன்றைக்கும் கொதிக்க வைக்கிறார்கள். இரண்டு நாள் வயிறு கெட்டுப் படுத்துவிட்டேன்.

நீ சின்ன வயதில் இந்த ஊரில் வளர்ந்தவள். நல்ல சோறு எங்கே கிடைக்கும் என்று உனக்குத் தெரியாமல் இராது. நீ வந்து சமைத்துப் போடு என்று இந்தத் தடவை கேட்கவில்லை. மூன்று வருஷமாகக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. இடத்தையாவது சொல்.

இப்படிக்கு,
ரசலையன்


மயிலாடி
16 நவம்பர் 1931

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வயிறு சரியாகும்வரை பழைய கறி தொட வேண்டாம். சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் குடியுங்கள்.

வராததற்கு நான் புதிதாக என்ன காரணம் சொல்ல? பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்பாவுக்கு இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது. கல்தச்சர்களின் உளிச் சத்தம் விடியுமுன் தொடங்கிவிடுகிறது, அவருக்கு உறக்கமில்லை. அவரை விட்டுவிட்டு வர முடியாது. கூட்டிக்கொண்டும் வர முடியாது. அம்மா அங்கே இறந்ததிலிருந்து அந்த ஊரின் பெயரே அவருக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கடிதத்தைக்கூட ஊர்ப் பெயரை விட்டுவிட்டுத்தான் வாசித்துக் காட்டுகிறேன்.

வள்ளம் இழுத்துப் போடும் இடத்துக்கு மேலே பகவதி என்று ஒருத்தி கஞ்சிக்கடை வைத்திருந்தாள். மரச்சீனிக் கிழங்கும் மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் அவளிடம் நன்றாக இருக்கும். நம்முடைய வேதக்கோயிலுக்குப் பின்னால் ஆப்பம் சுடும் ஒரு வீடு உண்டு. இரண்டிலும் விசாரியுங்கள். பள்ளிவாசலுக்குத் தெற்கே போக வேண்டாம். குறுகலான சந்து, சாப்பிட அங்கே ஒன்றும் இராது.

உங்கள்
நேசம்மாள்


குளச்சல்
5 டிசம்பர் 1931

அன்புள்ள நேசத்துக்கு,

பகவதி செத்து ஆறு வருஷமாம். மருமகள் கடையை நடத்துகிறாள். கஞ்சியில் பருக்கையைத் தேட வேண்டியிருக்கிறது. ஆப்பம் சுட்ட வீட்டில் கொப்பரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நீ சொன்ன குளச்சல் இப்போது இல்லை.

ஒரு வாரமாகப் பாளையங்கோட்டான் பழமும் காப்பியும்தான். நேற்று வள்ளத்தில் கட்டு ஏற்றும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது, மணலில் உட்கார்ந்துவிட்டேன். பயப்படாதே. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காது. இரண்டு கப்பல் நிற்கிறது.

ரசலையன்


மயிலாடி
12 டிசம்பர் 1931

அத்தானுக்கு,

மோட்டார் வண்டிக்காரர் செல்வதாஸிடம் மாங்காய் ஊறுகாயும் சம்மந்திப் பொடியும் கொடுத்திருக்கிறேன். சுடுசோறு மட்டும் எங்காவது வாங்கிக்கொள்ளுங்கள். பண்டிகைக்கு நீங்கள் இல்லாமல் நானும் அப்பாவும் என்ன கொண்டாடப் போகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேசம்மாள்


குளச்சல்
17 ஜனவரி 1932

அன்புள்ள நேசத்துக்கு,

சாப்பிட இடம் கிடைத்துவிட்டது. நீ போக வேண்டாம் என்று சொன்ன சந்தில்தான்.

போகவேண்டும் என்று போகவில்லை. திங்கட்கிழமை பசியும் வெயிலுமாக வழி தவறிப் பள்ளிவாசலுக்குத் தெற்கே திரும்பிவிட்டேன். ஒரு வீட்டு வாசலில் துறைமுகத்து ஆட்கள் நாலைந்து பேர் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஹலீமா பீவி என்பவர் சோறு போடுகிறார். கணவர் யாக்கூப் கருவாட்டு வியாபாரம் செய்தவர், இறந்துவிட்டார். நான் வேதக்காரன் என்று சொன்னேன். "பசிக்கு எல்லாரும் ஒண்ணுதான். இரியுங்க" என்றார்.

சாளை மீன் குழம்பு. முதல் வாய் வைத்ததும் கை நின்றுவிட்டது. தேங்காய் அரைப்பு எல்லாரும்தான் வைக்கிறார்கள். ஆனால் இறக்குகிற நேரத்தில் ஒரு பிடி முருங்கை இலையைக் கிள்ளிப் போட்டு மூடிவிடுவது உன்னைத் தவிர யாரிடமும் நான் கண்டதில்லை. கல்யாணமான புதிதில் நான் சிரித்ததற்கு, இது எங்கள் அம்மா கை என்று நீ கோபப்பட்டாய்.

"முருங்கை இலை போட எங்க படிச்சிய?" என்று கேட்டேன்.

"எனக்க அம்மைக்க பழக்கம்" என்றார். உம்மா என்று சொல்லவில்லை, அம்மை என்றார்.

என் வீட்டுக்காரியும் இப்படித்தான் வைப்பாள், மயிலாடியில் டீச்சர் என்றேன். அவர் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "உபதேசியாருக்கு இப்பம் கண்ணு தெரியுதா?" என்று கேட்டார்.

மாமா உபதேசியாராக இருந்தவர் என்று நான் சொல்லவே இல்லை. தினமும் போகிறேன், தினமும் சாப்பிடுகிறேன். அவர் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருக்கிறது. உன்னுடைய நெற்றி அது. அவர் யார் நேசம்?

ரசலையன்


மயிலாடி
25 ஜனவரி 1932

அத்தானுக்கு,

அவள் என் அக்காள். கிளாரா.

உங்களுக்குச் சொல்லவில்லை. இந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எனக்குப் பதினாலு வயதில் வந்த சட்டம். பிறகு அது பழக்கமாகிவிட்டது. கல்யாணம் பேசும்போது ஒரே பெண் என்றுதான் அப்பா சொன்னார்.

அவள் தானாக விரும்பித்தான் யாக்கூப் அண்ணனோடு போனாள். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. அப்போதே கண் மங்கத் தொடங்கியிருந்த அப்பா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்கு முன்னால் எழுந்து நின்று, என் மூத்த மகள் மரித்துப்போனாள் என்று சொல்லிவிட்டு, அன்றோடு ஊழியத்தை விட்டார். அம்மா அந்த வருஷமே போய்விட்டாள். அடக்கத்தன்று அக்காள் வாசல் வரை வந்தாள். அப்பா கதவைச் சாத்திவிட்டார். அவள் வெளியே நின்று அழுத நேரமெல்லாம் நான் உள்ளே அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மறுவாரம் மயிலாடிக்கு வந்துவிட்டோம். அப்பாவுக்குக் குளச்சல் ஆகாததன் காரணம் அம்மா சாவு மட்டுமில்லை.

யாக்கூப் அண்ணன் இறந்தது நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். அவள் தனியாகவா இருக்கிறாள்? மெலிந்திருக்கிறாளா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். அங்கே சாப்பிடுவதை நிறுத்தவும் வேண்டாம்.

நேசம்மாள்


குளச்சல்
1 மார்ச் 1932

அன்புள்ள நேசத்துக்கு,

மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழாவுக்குப் போகிற கூட்டத்தில் எல்லாக் கடையும் நிறைந்து கிடக்கிறது. உன் அக்காள் வீட்டில் மட்டும் எனக்கென்று ஒரு தட்டுச் சோறு மூடி இருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்தான், "தங்கச்சி எழுதினாளா?" என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை, தலையைக் குனிந்து சாப்பிட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. தனியாகத்தான் இருக்கிறார். மெலிவுதான்.

இன்று காலை குழம்பு ஊற்றிய ஒரு மண்சட்டியை வாழையிலையும் துணியும் வைத்துக் கட்டி என் கையில் தந்தார். "ரெண்டு நாள் கெடாது. அப்பாக்கு வேண்டாம்னா கொட்டிரச் சொல்லுங்க" என்றார். செல்வதாஸின் முதல் வண்டியில் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். கொடுப்பதும் கொட்டுவதும் உன் இஷ்டம். இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ரசலையன்


மயிலாடி
3 மார்ச் 1932

அன்புள்ள அத்தானுக்கு,

சட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. சமையல்கட்டில் கட்டை அவிழ்த்ததும் அம்மா வைக்கும் குழம்பின் வாசனை வந்தது.

அப்பாவுக்குச் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினேன், யார் வைத்தது என்று சொல்லாமல். முதல் வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"இது நீ வச்சதில்ல" என்றார்.

"இல்லப்பா."

"குளச்சல்ல இருந்தா?"

அந்தப் பெயர் அவர் வாயில் வந்து எத்தனை காலம். ஆமாம் என்றேன். அவர் கை இலையிலேயே கிடந்தது. விரலில் குழம்பு காய்ந்துவிட்டது. எழுந்துவிடுவார், இலையைத் தள்ளிவிடுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உப்பு கூடுதல்" என்றார். "அவ எப்பவும் கூட்டித்தான் போடுவா."

பிறகு சாப்பிட்டார். மறுசோறு கேட்டு வாங்கி, அதையும் சாப்பிட்டார்.

பெயரைச் சொல்லவில்லை. வரச் சொல் என்றும் சொல்லவில்லை. பிற்பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். இன்று காலை நான் சட்டியைக் கழுவுகிற சத்தம் கேட்டு, "வெறுஞ்சட்டியா குடுத்து விடாத மக்களே" என்றார். அதனால் கருப்பட்டி வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் அடைத்ததும் குளச்சலுக்கு வருவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவரும் வருவாரா என்பதை அன்றைக்குப் பார்த்துக்கொள்வோம்.

அக்காளிடம் வேறு ஒன்றும் விளக்க வேண்டாம். உப்பு கூடுதல் என்று அப்பா சொன்னார், அதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள்
நேசம்மாள்