பூசணிக்குப் போட்ட ஸ்வெட்டர்

அன்புள்ள அம்மாவுக்கு,

லெசோத்தோ மலையில் இப்போதே குளிர் கடிக்குமே, உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். ஆனால் கொதித்துப்போயிருக்கிறேன்.

இலையுதிர்காலம் வந்ததிலிருந்து, இங்கே ஜோகன்னஸ்பர்கில் சனிக்கிழமை வேலை முடிந்ததும் நானும் தோழிகளும் என் அறை வாசலில் கூடிப் பின்னுகிறோம். டீயும் சிரிப்புமாகப் பொழுது போகும். பக்கத்திலேயே என் தோட்டம். கீரை முடிந்துவிட்டது, கொடியில் ஒரே ஒரு பெரிய பூசணி பாக்கி.

போன சனிக்கிழமை உறைபனி இறங்கும் போலிருந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே, அடுத்த வீட்டில் வேலை செய்யும் நொக்வாண்டாவிடம், "பூசணியை எதையாவது போட்டு மூடுடி" என்றேன். நம் லெசோத்தோவில் யாரானாலும் சாக்கைத் தேடியிருப்பார்கள். இவள் கடலோரத்துக்காரி, உறைபனியையே கண்டதில்லை. உங்களுக்காக நான் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை, ஊசிகளை உருவிப் போட்டுவிட்டு, பூசணிக்கு மாட்டிவிட்டாள்!

காலையில் பார்த்தால் ஸ்வெட்டர் முழுக்கச் சேறு, பாதிக் கண்ணிகள் அவிழ்ந்து கிடக்கின்றன. போய்க் கத்தினேன்.

"குளிருக்குத்தானேக்கா ஸ்வெட்டரு? கச்சிதமா இருந்துச்சு. உங்கம்மாவும் அந்தப் பூசணி அளவுதான் இருப்பாங்களா?"

உங்களைப் பார்த்து வருடங்கள் ஆயிற்றே, இப்போதைய உங்கள் அளவு எனக்கே தெரியாது. அதற்கும் சேர்த்து அவளைத் திட்டித் தீர்த்தேன். பூசணிக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

நூலைப் பிரித்துக் கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். ஒரு கயிற்றால் உங்கள் மார்பளவு எடுத்து, வெட்டி அனுப்புங்கள். முதலாளியம்மா கூப்பிடுகிறாள், போகிறேன். அம்மா, மெலிந்துபோயிருந்தால் நான் கவலைப்படுவேன் என்று கயிற்றை நீளமாக வெட்டாதீர்கள்.

உங்கள் மகள்,
லிமாகட்சோ