உன் திதி செவ்வாயா, புதனா?

என் உயிரான அண்ணே,

நீ போன பிறகு நான் பயப்படாத நாள் இல்லை. ஆனாலும் இந்த ஆடி மாதத்துப் பயம் வேறு. எங்கேயோ டமார் என்று கேட்டால் சிவகாசியே வாசலுக்கு ஓடி வந்து எந்தப் பக்கம் புகை என்று பார்க்குமே, அந்தப் பயம்.

நம்ம பிரஸ்ஸில் காலண்டருக்குப் பஞ்சாங்கக் கணக்குப் போட்ட பழைய கம்ப்யூட்டர் புகைந்து உயிரை விட்டுவிட்டது. மிச்சம் உன் லேப்டாப்தான். கரண்ட் போனாலும் நாள் முழுக்கச் சார்ஜ் நிற்கும் என்று ஆசைப்பட்டு வாங்கினாயே, அது. உள்ளே வேறு ரகச் சிப். அது போதாதென்று, கூட வந்த விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டு வைத்தாய். சவுண்டு இன்றுவரை வரவில்லை. மூடித் திறந்தால் சில நேரம் எழுந்திருக்காது. குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டுதான் திறக்கிறேன்.

உன் பஞ்சாங்க புரோகிராம் பழைய சிப்புக்காக எழுதியது. இதில் ஓடவே ஓடாது என்று நினைத்தேன். அந்தச் சிப்பின் பாஷையை இதற்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும் மென்பொருள் ஒன்றை நீயே ஏற்றி வைத்திருக்கிறாய். தட்டினேன், ஓடிவிட்டது. குதித்தேன் அண்ணே!

எதற்கும் பார்ப்போமே என்று இந்த வருடக் கணக்கை ஓட்டினேன். போன ஆடியில் பழைய கம்ப்யூட்டரில் நீயே போட்ட கணக்கு, இப்போது வீட்டுக்கு வீடு சுவரில் தொங்குகிற காலண்டர். அதோடு எல்லா நாளும் ஒத்துப்போனது, ஒன்றைத் தவிர. ஆவணித் தேய்பிறை தசமி. நீ கண்ணை மூடிய திதி.

சுவரில் புதன்கிழமை. லேப்டாப்பில் செவ்வாய்.

நம்ம காலண்டரில் சூரியன் உதிக்கும்போது இருக்கிற திதிதான் அந்த நாளுக்கு; புதனன்று சூரியன் உதிக்கிற நேரத்தில்தான் உன் திதியும் முடிகிறது. பழைய சிப் புள்ளிக்குப் பின்னால் கூடுதல் இலக்கம் வைத்துக் கணக்குப் போடும். இதில் கொஞ்சம் முன்னாலேயே நறுக்கிவிடுகிறது. அந்தத் துளி வித்தியாசத்தில் ஒரு நாளே புரண்டுவிட்டது. எது சரி? உன்னை விட்டால் யாரிடம் கேட்பேன்?

பிரஸ் முதலாளி அண்ணாச்சிக்கு அவசரம். "ஏ பிள்ள, ஆடிப்பெருக்குக்கு மாதிரி காலண்டர் ஆல்பம் போட்டதும் ஆர்டர் குவியும். ஒத்த நாளுதான மாறுது? ஓட்டி விடு."

"இந்த வருசத்துக்கு ஒத்துப் பாக்க அண்ணன் கணக்கு இருந்துச்சு அண்ணாச்சி. வாற வருசத்துக்கு என்ன இருக்கு? எந்த நாளு புரண்டிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

"அம்புட்டுப் பயமா?"

"ஆமா, அம்புட்டுப் பயம்."

பயம் இருக்காதா? அந்தத் தாளைக் கிழித்துப் பார்த்துத்தான் பெண் பார்க்கப் போகிறார்கள், விரதம் இருக்கிறார்கள், செத்தவர்களுக்குச் சோறு வைக்கிறார்கள். நான் தப்பாக அடித்தால், எத்தனை வீட்டில் செத்துப்போன அப்பாவும் அம்மாவும் வந்து பார்த்து, இலை இல்லாமல் திரும்பிப் போவார்கள்?

நேற்று உன் மனைவி கேட்டார். "செவ்வாயா புதனா, சொல்லு பிள்ள. சொந்தக்காரகளுக்குச் சொல்லணும்லா."

"தெரியலையே மதினி" என்று அழுதுவிட்டேன். அவரும் சேர்ந்து அழுதார்.

வருகிற வருடத்தில் சூரிய உதயத்தை ஒட்டித் திதி முடிகிற நாள்களை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனேன். உன் நாளை அங்கேயே கையால் போட்டுப் பார்த்தார். "நூலிழைக் கணக்குல நிக்குது தாயி. எந்தப் பக்கமுன்னும் சொல்லலாம்" என்று கையை விரித்துவிட்டார். இன்னும் யார் யார் வீட்டு நாள் இப்படி நிற்கிறதோ?

அண்ணாச்சி குதித்தாலும் சரி, ஜோசியர் எல்லாம் கணித்துத் தரும்வரை ஒரு தாளையும் அச்சுப் பிளேட்டுக்கு விடமாட்டேன். நூலிழைக் கணக்கில் நிற்கிற நாள் வந்தால், இரண்டு நாள் தாளிலும் அந்தத் திதியை அடிப்பேன். இது உன் மேல் சத்தியம்.

உனக்கும் அப்படித்தான். செவ்வாயும் இலை போடுவோம், புதனும் போடுவோம். எப்போது வந்தாலும் சோறு சூடாக இருக்கும். வெறும் வயிற்றோடு மட்டும் திரும்பிப் போயிராதே அண்ணே.

உன் லேப்டாப்பைத் திறக்க இன்னும் பயப்படுகிற
உன் தங்கச்சி